தடுக்கியது காலா, கல்லா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கடைவீதியில் புதிதாகப் போடப்பட்ட நடைபாதையில் இரண்டு வாரங்களுக்குள் மூன்று பேர் விழுந்து அடிபட்டதைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த செய்தியைப் படித்தேன். அதை வெளியிட்டதற்கு முதலில் நன்றி. ஆனால் செய்தியின் கடைசிப் பத்தியில், மக்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டும் காலைத் தேய்த்துக்கொண்டும் நடப்பதே விழுவதற்குக் காரணம் என்றும், காலை நன்றாகத் தூக்கி வைத்துக் கீழே பார்த்து நடந்தால் யாரும் விழ மாட்டார்கள் என்றும் அலுவலர் ஒருவர் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் அந்த ஒரு வாக்கியத்துக்கான மறுப்பு.

விழுந்த மூவரில் ஒருவர் என் அக்காள். வயது 72. கைப்பேசி என்ற பொருளையே கையில் வைத்துக்கொள்ளாதவர். காலைத் தேய்த்து நடக்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து, "பார்த்துத்தானப்பா நடந்தேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதில் வலியைவிட வெட்கமே கூடுதலாகத் தெரிகிறது. நான் ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, நடக்க முடியாமற்போனவர்களை மீண்டும் நடக்கப் பழக்குவதே என் பிழைப்பாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: என் அக்காள் சரியாகத்தான் நடந்தார். சரியாக நடப்பவரைத் தடுக்கிவிடும்படி அந்தப் பாதை அமைந்திருக்கிறது.

ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. செங்கோட்டை, புளியரை, அதைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை என்று மலையடிவாரத்தில் நீளும் இந்தப் பகுதியில் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே கதைதான். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி வரையப்படும்வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இன்றைக்கும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் சந்தைக்கும் நாங்கள் எல்லையைத் தாண்டிப் போய்வந்துகொண்டே இருக்கிறோம். அந்தப் பக்கத்து மருத்துவமனையில் நான் வேலை பார்த்த காலத்தில், விழுந்து எலும்பு முறிந்து வந்தவரிடம் உறவினர்கள் "சூக்ஷிச்சு நடக்கணும்" என்பார்கள். இந்தப் பக்கத்தில் "பார்த்து நடக்க வேண்டாமா" என்பார்கள். விழுந்தவரைக் கடிந்துகொள்வதில் மட்டும் இரண்டு மொழிகளுக்கும் எல்லைத் தகராறு கிடையாது.

இனி நடையைப் பற்றி. வலது குதிகால் தரையைத் தொடும் கணத்திலிருந்து அதே குதிகால் மறுபடி தரையைத் தொடும் கணம்வரை உள்ளதை ஒரு சுற்று என்று எங்கள் துறையில் வைத்துக்கொள்வோம். நல்ல உடல்நிலையில் உள்ளவர் இயல்பான வேகத்தில் நடக்கும்போது இந்தச் சுற்றுக்கு ஒரு நொடியும் அதற்குமேல் சொற்பமும் பிடிக்கும். அதில் 60 விழுக்காடு நேரம் அந்தக் கால் தரையில் ஊன்றியிருக்கிறது. மீதி 40 விழுக்காடு நேரம் தரையை விட்டு முன்னோக்கி வீசிச் செல்கிறது. இரண்டு கால்களும் ஒருசேரத் தரையில் இருப்பது சுற்றுக்கு இரண்டு முறை, முறைக்குப் பத்து விழுக்காடு நேரம் மட்டுமே. ஆகவே நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு, உடலின் முழுப் பாரத்தையும் நாம் ஒற்றைக் காலில்தான் தாங்குகிறோம்.

வீசிச் செல்லும் காலுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஊன்றிய காலும் அதுவும் ஒரே நீளம். ஒன்றையொன்று தாண்ட வேண்டுமானால் வீசும் கால் தன் நீளத்தைக் குறைத்துக்கொண்டாக வேண்டும். அதற்காகத்தான் முழங்கால் ஏறத்தாழ 60 டிகிரி மடங்குகிறது, தொடை முன்னே எழுகிறது, கணைக்காலின் முன்புறத் தசை பாதத்தைத் தொங்கவிடாமல் நிமிர்த்திப் பிடிக்கிறது. இவ்வளவையும் செய்த பிறகு, கால் பாதி வழியைக் கடக்கும் கட்டத்தில், பெருவிரல் நுனிக்கும் தரைக்கும் மிஞ்சும் இடைவெளி ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். நம் முன்னோர் கணக்கில் சொன்னால் ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைவு. தள்ளாடும் முதியவருக்குச் சொல்லப்படும் அளவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இருபது வயது இளைஞர் சமதரையில் நடக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தால் கிடைப்பது இதுவே.

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதம் தரைக்கு மிக அருகில் வரும் அந்தக் கட்டத்தில்தான் அது ஏறக்குறைய மிக வேகமாகவும் போய்க்கொண்டிருக்கிறது. உடல் நொடிக்கு 1.3 மீட்டர் அளவில் நகர்ந்துகொண்டிருக்க, பின்னால் இருந்து முன்னால் வர வேண்டிய பாதம் அதைப்போல மூன்று மடங்குக்குமேல், நொடிக்கு 4 மீட்டரை ஒட்டி விரைகிறது. இது நிதானமாக மிதித்துப் போகும் சைக்கிளின் வேகம். அந்த வேகத்தில், தரைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில், ஒவ்வொரு எட்டிலும் நம் கால்விரல் பறந்து போகிறது. உங்கள் நாளிதழின் அதே பக்கத்தில் நாளுக்கு 10,000 எட்டு நடக்கச் சொல்லும் குறிப்பு ஒன்றும் இருந்தது. (அந்தப் பத்தாயிரம் என்ற எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த எட்டு எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது, மருத்துவம் வகுத்த அளவு அன்று என்பதை இடையே சொல்லிவைக்கிறேன்.) பத்தாயிரம் எட்டு என்றால் பத்தாயிரம் முறை விரல்நுனி தரையை மயிரிழையில் தப்புகிறது என்று பொருள். இந்த இடைவெளி ஒவ்வொரு எட்டிலும் சில மில்லிமீட்டர் கூடியும் குறைந்தும் வரும். வயது ஏற ஏற, சராசரி பெரிதாக மாறாவிட்டாலும் இந்தக் கூடல்குறைச்சல் அதிகமாகிறது.

உடல் ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாக இருக்கிறது, இன்னும் நான்கு விரற்கடை தூக்கி வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்குப் பத்து கிலோ. அரிசிப் பை ஒன்றை எட்டுக்கு எட்டு தேவைக்குமேல் தூக்கித் தூக்கி வைப்பதை எந்த உடலும் விரும்பாது. தேவையான அளவுக்குத் தூக்கி, மீதியை மிச்சப்படுத்துவதால்தான் மனிதனால் நாள் முழுக்க நடக்க முடிகிறது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் இருமுடியோடு வெறுங்காலில் இந்தச் சாலை வழியே மலைக்கு நடந்து போகும் சாமிமார்களைப் பார்த்தாலே இது விளங்கும். அவர்களில் ஒருவர்கூடக் காலை உயர்த்தி வைத்து நடப்பதில்லை.

காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் நோயாளிகளாக வந்தவர்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக ஓடும் நரம்பு அடிபட்டோ, தொழுநோயாலோ செயலிழந்துவிட்டால் பாதத்தை நிமிர்த்த முடியாமல் விரல்நுனி தொங்கிப்போகும். தொங்கும் விரல் தரையில் மாட்டாமலிருக்க அவர்கள் தொடையை மிகையாக உயர்த்தி, நீரில் நடக்கும் கொக்கைப்போல அடியெடுத்து வைப்பார்கள். கொஞ்ச தூரத்திலேயே களைத்துப்போவார்கள். பாதத்தைத் தாங்கும் ஒரு பட்டையைக் கொடுத்து, அந்த நடையை மாற்றி அவர்களை இயல்பான நடைக்குக் கொண்டுவர நாங்கள் மாதக்கணக்கில் பாடுபடுவோம். நோயின் அடையாளமாக நாங்கள் பார்க்கும் நடையை ஊர் முழுவதும் நடக்கச் சொல்வது விந்தையான அறிவுரை.

கீழே பார்த்து நடக்கச் சொன்னதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடை பெரும்பாலும் நம் கவனத்துக்கு வெளியே, தண்டுவடமும் சிறுமூளையும் சேர்ந்து நடத்தும் காரியம். கண் அதற்கு உதவுகிறது; ஆனால் அது பார்ப்பது காலடியை அன்று. கரடுமுரடான தரையில் நடப்பவரின் பார்வை வழக்கமாக இரண்டு எட்டு முன்னால் விழுகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று அறிந்து, அதற்கேற்ப இப்போதைய எட்டையே உடல் திருத்திக்கொள்கிறது. காலடியையே பார்த்து நடப்பவருக்குத் தகவல் வந்து சேரும்போது கால் ஏற்கெனவே பாதி வழி போயிருக்கும். பதினைந்து சென்டிமீட்டர் படியைக் கண் தூரத்திலேயே கண்டுகொள்ளும், கால் தானாக உயரும். இரண்டு சென்டிமீட்டர் மேட்டைக் கண் காண்பதில்லை, ஆனால் கால் மோதிவிடும். நடப்பவரை வீழ்த்துவதற்கென்றே ஓர் உயரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நானும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

என் அக்காள் விழுந்த இடத்தை மறுநாள் காலையில் இஞ்சு டேப்போடு போய் அளந்தேன். எங்கள் ஊர் நடைபாதை, வாறுகாலை (சாக்கடைக் கால்வாயை) மூடியிருக்கும் கான்கிரீட் பலகைகளைத் தவிர வேறில்லை. அவர் தடுக்கிய இடத்தில் ஒரு பலகை அடுத்த பலகையைவிட 22 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. நூறு மீட்டருக்குள் இதுபோல 15 மில்லிமீட்டருக்குமேல் ஏறியிறங்கிய இணைப்புகள் பதினொன்று இருந்தன. பலகையைத் தூக்குவதற்காகப் பதித்த கம்பி வளையங்களை வேலை முடிந்த பின் வெட்டாமல் விட்டிருந்த இடங்கள் நான்கு.

தடுக்கிய பிறகு நடப்பதையும் விளக்கினால்தான் மணிக்கட்டு ஏன் முறிந்தது என்பது புரியும். நடக்கும் உடலை அறிவியலார் தலைகீழாக நிறுத்திய ஊசலுக்கு ஒப்பிடுவார்கள். ஊன்றிய பாதம் அச்சு. அதன்மேல் உடல் ஒரு வில்போல எழுந்து, உச்சியைக் கடந்து, முன்னே சாய்கிறது. ஒவ்வொரு எட்டிலும் உடலின் எடைமையம் நான்கைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. ஏறும்போது வேகம் குறைந்து உயரமாகச் சேமிக்கப்படுகிறது. இறங்கும்போது உயரம் வேகமாகத் திரும்பக் கிடைக்கிறது. இந்த மாற்றுக் கணக்கில், இயல்பான வேகத்தில் நடக்கும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் வீணாகாமல் மறுசுழற்சியாகிறது. குறைவதைக் கெண்டைக்கால் சதை ஒவ்வொரு எட்டின் முடிவிலும் பாதத்தைப் பின்னால் உந்தி ஈடுகட்டுகிறது. சப்பரத்துக்குப் பின்னால் ஆமை வேகத்தில் ஊர்ந்து வந்த இரவில் கால் உளைவதும், அதே தூரத்தை வழக்கமான வேகத்தில் நடந்தால் ஒன்றும் தெரியாமலிருப்பதும் பலரும் அறிந்ததே. மெதுவாகப் போகும்போது ஊசலின் இந்தச் சிக்கனம் குலைந்துபோகிறது.

வீசும் காலும் ஓர் ஊசல்போலத் தானே ஆடி முன்வருகிறது என்று ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836-லேயே எழுதினார்கள். அது முழு உண்மை இல்லை; இடுப்புத் தசைகள் அதை உந்துகின்றன. ஆனாலும் 1990-ல் டாட் மெக்கீர் என்ற பொறியாளர், முன்னோக்கி உந்தும் மோட்டார் எதுவும் இல்லாத இருகால் பொறி ஒன்று சிறு சரிவில் தானாகவே நடந்து இறங்கும் என்று செய்து காட்டினார். அந்தப் பொறியிலும் அவருக்கு வாய்த்த பெரிய தலைவலி, வீசும் பாதம் தரையில் உரசுவதுதான் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆக, ஒவ்வொரு எட்டிலும் நாம் முன்னே விழத் தொடங்குகிறோம். வந்து சேரும் மறுகால் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. விரல் கல்லில் மாட்டினால் பிடிக்க வேண்டிய கால் வந்து சேருவதில்லை, உடல் மட்டும் தன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. இளவயதினராக இருந்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குக்குள் தசைகள் எதிர்வினையாற்றி, வீச்சின் தொடக்கமானால் மாட்டிய காலைத் தடையின்மேல் தூக்கிக் கடத்தும். வீச்சின் முடிவானால் அதைச் சட்டென்று கீழே ஊன்றிவிட்டு மற்றக் காலை முன்னே எறியும். நாம் 'தடுமாறிச் சமாளித்தேன்' என்று சொல்வது இதைத்தான். வயதானவரின் மூளைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். காலை அவ்வளவு வேகமாக, அவ்வளவு தூரம் எறிவதற்கான வலு மட்டும் குறைந்திருக்கும். அப்போது கை நீள்கிறது, உடல் எடை முழுவதும் நீட்டிய உள்ளங்கையில் இறங்குகிறது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. இன்னும் மெதுவாக நடப்பவர்கள் முன்னே விழாமல் பக்கவாட்டில் சாய்வதே அதிகம். அவர்களுக்கு அடிபடுவது இடுப்பெலும்பில். என் அக்காளுக்குக் கையோடு போனதைப் பெரும் பேறாக நினைக்கிறேன்.

இது தடுக்குவதைப் பற்றி. வழுக்குவது வேறு கதை. பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் இருபது மீட்டர் நீளத்துக்கு மட்டும் வழுவழுப்பான டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். விழுந்த மற்ற இருவரும் அங்கேதான் விழுந்தார்கள், அதுவும் சாரலில். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைவதால், தமிழ்நாட்டின் பிற பகுதிகள் வெயிலில் காயும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் தெருக்கள் நாள்கணக்கில் ஈரம் உலராமல் கிடக்கும் என்பது குற்றாலத்துக்கு வந்துபோகும் எல்லோருக்கும் தெரியும். டைல்ஸ் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் தெரியாமற்போயிற்று.

நடையில் வழுக்கும் கணமும் தற்செயலாக வருவதில்லை. குதிகால் தரையைத் தொடும்போது கால் உடலுக்கு முன்னே சாய்வாக நீண்டிருக்கிறது. ஆகவே அது தரையைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு முன்னோக்கியும் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலைத் தாங்க, கீழ்நோக்கிய அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்காவது தரையின் உராய்வு தேவைப்படுகிறது. உலர்ந்த கல்லும் சிமெண்டும் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தரும். ஈரமான மழமழப்பான ஓட்டின்மேல், தேய்ந்த ரப்பர் செருப்பு, அதில் கொஞ்சம் சேறு என்று சேர்ந்தால் இந்த ஐந்தில் ஒரு பங்கும் கிடைக்காது. குதிகால் முன்னே ஓடும், உடல் பின்னே சாயும். பின்னே விழுபவரால் தரையைப் பார்க்கவும் முடியாது. யானைக்கும் அடி சறுக்கும் என்று விழுந்தவருக்கு ஆறுதல் சொல்கிறோம். தரை எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை.

மழைக்காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் நடப்பதைக் கவனித்தால், எட்டைக் குறுக்கி, பாதத்தை முழுதாகப் பதித்து நடப்பதைக் காணலாம். எட்டு குறுகினால் கால் முன்னே சாய்வது குறையும், முன்னோக்கிய தள்ளுதலும் குறையும். யாரும் கற்றுக்கொடுக்காமல் உடல் கண்டுகொண்ட வித்தை அது. கூரைக்குக் கீழே, காய்ந்த தரை என்று நம்பிக் கால் வைக்கும் இடத்தில் அந்த வித்தை பலிப்பதில்லை.

மூன்றாவது குறை கண்ணுக்கே தெரியாதது. கடைக்காரர்கள் இருசக்கர வண்டியை உள்ளே ஏற்றுவதற்காக நடைபாதையைச் சாலைப்பக்கம் சாய்த்துச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மழைநீர் வழிய 50-க்கு 1 என்ற சாய்வே போதும். நான் அளந்த இடங்களில் 10-க்கு 1 வரை இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்த தரையில் நடப்பதென்றால் ஒரு கால் குட்டையாகவும் மற்றது நெட்டையாகவும் உள்ளவரைப்போல நடப்பதுதான். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை. எடை விழும் இடம் மூட்டிலிருந்து தூரத்திலும் இந்தத் தசை பிடிக்கும் இடம் கிட்டத்திலும் இருப்பதால், நெம்புகோல் கணக்கின்படி அது உடல் எடையைப்போல இரு மடங்கை ஒட்டி இழுக்க வேண்டியிருக்கிறது; இரண்டும் சேர்ந்து இடுப்பு மூட்டின்மேல் இறங்கும் பாரம் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு. சமதரையில், நிதானமாக நடக்கும்போதே இப்படி. தேய்ந்த மூட்டோடு சாய்ந்த தரையில் நடப்பவருக்கு என்ன ஆகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வாசகர் சிலருக்காவது பயன்படும். கைத்தடியை வலியுள்ள காலின் பக்கத்திலேயே பிடிப்பவர்களைத்தான் தெருவில் அதிகம் பார்க்கிறேன். இடுப்பு வலி வலப்பக்கம் என்றால் தடி இடக்கையில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஊன்றும் தடி அந்தப் பக்கவாட்டுத் தசை செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியைத் தொலைவிலிருந்து செய்துவிடுவதால், கையில் சிறிதளவு அழுத்தம் கொடுத்தாலே மூட்டின் பாரம் கணிசமாகக் குறைகிறது. முப்பது ஆண்டுகளில் நான் அதிகமுறை சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

கீழே பார்த்து நடக்கவே முடியாதவர்களும் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். அதிகாலையில் கீரைக்கட்டையும் வாழையிலைக் கட்டையும் தலையில் சுமந்து சந்தைக்கு வரும் பெண்கள், தலையைக் குனிந்தால் சுமை சரிந்துவிடும். கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை தலையில் சுமந்தாலும் கூடுதல் ஆற்றல் செலவிடாமல் நடக்கிறார்கள் என்று 1986-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று அறிவியலாரை வியக்கவைத்தது. ஊசலின் ஏற்ற இறக்கத்தை மற்றவர்களைவிட நேர்த்தியாக அவர்கள் பயன்படுத்துவதே காரணம் என்று பின்னர் கண்டார்கள். எங்கள் பெண்களை யாரும் அளந்ததாக நான் அறியேன். ஆனால் அவர்கள் நடைபாதையின்மேல் ஏறுவதில்லை என்பதைத் தினமும் பார்க்கிறேன். கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரிகள் உரசிச் செல்லும் தார்ச்சாலையின் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். சமமான தரை அங்கேதான் கிடைக்கிறது.

அவர்கள் ஏறாததற்கு உயரமும் ஒரு காரணம். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையின்றி நடக்கும் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று இந்தியச் சாலைகள் பேரவையின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்லியிருந்தது. எங்கள் பாதையின் உயரம் 28 சென்டிமீட்டர். மின்கம்பம் நிற்கும் இடங்களில் நடக்கக் கிடைப்பது 60 சென்டிமீட்டர். ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் அந்த 28 சென்டிமீட்டர் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். சக்கர நாற்காலிக்கான சரிவு 12-க்கு 1-க்குமேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது துறையில் உள்ள எல்லோரும் அறிந்த கணக்கு. எங்கள் பாதையில் சரிவே கிடையாது என்பதால் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

குறை சொல்வதோடு நின்றுவிட்டதாக ஆகக் கூடாது என்பதால், பெரிய செலவு பிடிக்காத சிலவற்றைச் சொல்கிறேன். ஏறியிறங்கி நிற்கும் பலகைகளை எடுத்து, அடியில் சிமெண்ட் கலவை இட்டு, இணைப்பில் ஐந்தாறு மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசம் வராமல் மட்டம் பார்த்து வைப்பது ஒரு கொத்தனாருக்கும் இரண்டு சித்தாள்களுக்கும் சில நாள் வேலை. கம்பி வளையங்களை அறுத்தெடுக்க ஒரு மணி நேரம் போதும். டைல்ஸைப் பெயர்த்துவிட்டுக் கொத்திய கல் பாவலாம். பழைய கோயில் பிரகாரங்களில் தரைக்கல்லை ஏன் புள்ளி புள்ளியாகக் கொத்திவைத்தார்கள் என்பதை, அம்மி கொத்துகிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். அதற்கும் பணமில்லை என்றால், இருக்கும் டைல்ஸின்மேல் சொரசொரப்பான பூச்சாவது பூசட்டும், இந்தச் சாரல் முடிவதற்குள்.

உயரத்தைக் குறைப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாறுகாலின் மட்டத்தையே மாற்ற வேண்டிவரும். அதை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் வைக்கலாம். 22 மில்லிமீட்டரைச் சரிசெய்ய அடுத்த ஆண்டுவரை காத்திருக்கத் தேவையில்லை.

அளவெடுத்த தாள்களை இணைப்பு எண், உயரம், இடம் ஆகியவற்றோடு ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்ட அலுவலரோ தங்கள் நிருபரோ வருவதானால், கடைகள் திறப்பதற்கு முன் காலை ஏழு மணிக்கு நானே இஞ்சு டேப்போடு வந்து ஒவ்வொரு இடமாகக் காட்டத் தயார். அக்காளுக்கு வரும் வெள்ளிக்கிழமை மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். அன்று மட்டும் காலையில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர் ஒருவர்,
செங்கோட்டை வட்டாரம்.